இரண்டு பாட்டிகள்

உங்கள் வீட்டில் இரண்டு, இரண்டரை வயதில் ஓர் ஆண் குழந்தை இருக்கிறானா? அப்படியானால் இந்தக் கட்டுரையை நீங்கள் ஒரே மூச்சில் படித்து முடிக்கப் போவதில்லை. நாலாவது பாராவுக்கு வருவதற்குள் கூடத்தில் திடீரென்று ஒரு நிசப்தம் உண்டாகும். அதுவரையில் மூன்று சக்கர சைக்கிளில் வீட்டை அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்த ஆசாமி, சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, முகமெல்லாம் சிவக்க, ஏதோ ராஜாங்க யோசனையில் இருப்பவனைப் போல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். ஓடிப் பிரயோசனமில்லை. காரியம் முடிந்திருக்கும்.

"வரும்போது சொல்லக் கூடாதாடா?" என்று கேட்பீர்கள்.

"வந்துடுச்சு" என்பான்.

அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது எனக்கு விளங்குவதற்கு ஆறு மாத காலமும், ஒரு டாக்டர் அம்மாளும், கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தாயாரும் தேவைப்பட்டார்கள். உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கதை ஒரு டெலிபோன் பேச்சில் ஆரம்பமாயிற்று. குழந்தைகள் உட்கார்ந்து காலைக்கடன் கழிப்பதற்கென்று வாத்து உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆசனம் கடையில் விற்கிறார்களே, அதை வாங்கி வந்திருந்தோம். இங்கிலீஷில் அதற்குப் பெயர் 'பாட்டி'. அந்த உற்சாகத்தில் ஊருக்கு டெலிபோன் செய்து, "அம்மா, பையனுக்கு ஒரு பாட்டி வாங்கியிருக்கோம்!" என்றேன்.

எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"ஏண்டா, நான் ஒருத்தி உயிரோடுதானே இருக்கேன்?" என்று கேட்டாள் அம்மா.

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். நம்முடைய வீடுகளில் அந்தப் பாட்டியின் வேலையை இந்தப் பாட்டிதானே பார்த்துக்கொண்டிருந்தாள்? கொல்லைத் தாழ்வாரத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். தலை நின்ற குழந்தையைத் தன் இரண்டு பாதங்களின் மேல் உட்காரவைத்து, கைகளால் தாங்கிக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சப்தம் கொடுப்பாள். காலையில் கண் விழித்ததும் ஒரு தடவை. பால் குடித்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு தடவை. தூங்கி எழுந்ததும் ஒரு தடவை. அந்தச் சப்தத்துக்கும் அந்த இருக்கைக்கும் உடம்பு பழகிவிடும். இடுப்பில் அரைஞாண் கயிற்றைத் தவிர வேறு வஸ்திரம் கிடையாது. சிமெண்டுத் தரையையோ செங்கல் தரையையோ நனைத்துவிட்டால் ஒரு சொம்பு ஜலம், ஒரு துடைப்பம், அத்தோடு சரி.

இதை வெறும் பழங்காலத்துப் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்துக் கடற்கரையோரம் டிகோ என்ற ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி டி வ்ரீஸ் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதிகள் 1977-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கேயும் தாயார் தரையில் காலை நீட்டி உட்காருகிறாள். குழந்தையைக் கால்களுக்கு நடுவில் இருத்திக்கொள்கிறாள். அவளும் "ஷூஸ்" என்று ஒரு சப்தம் செய்கிறாள்! குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் ஆரம்பித்து, ஐந்தாறு மாதத்துக்குள் பகலிலும் இரவிலும் துணி நனையாத நிலைமைக்கு வந்துவிடுகிறதாம். நம் ஊர்ப் பாட்டிக்கும் டிகோ ஸ்திரீக்கும் யார் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்? மடியில் குழந்தை, பக்கத்தில் ஆள், கையில் அவகாசம் இந்த மூன்றும் இருந்தால் யுக்தி தானாகவே தோன்றும் போலிருக்கிறது.

ஆனால் இதிலே ஒரு ரகசியம் உண்டு. ஐந்து மாதக் குழந்தை எதையும் 'சொல்லி'விடுவதில்லை. அதன் முக்கலையும் முனகலையும், காலை உதைத்துக்கொள்வதையும் கண்டுபிடிப்பவள் பெரியவள். பழக்கம் குழந்தைக்கு மட்டுமல்ல, பாட்டிக்குத்தான் முதலில். அவள் நாள் முழுதும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இன்றைக்கு அந்தப் பாட்டி கும்பகோணத்தில் இருக்கிறாள். பேரன் சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். தாயும் தகப்பனும் ஆபீஸில் இருக்கிறார்கள். பாட்டி பார்த்த வேலையை டயபர் பார்க்கிறது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு டயபர் இருந்ததனால்தான் நாங்கள் ரெயிலில் போக முடிந்தது, கல்யாணத்தில் சாப்பிட முடிந்தது, இரவில் நாலு மணி நேரம் தூங்க முடிந்தது.

அமெரிக்காவில் அந்தச் சரக்கு 1961-ல் பாம்பர்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதற்கு அடுத்த வருஷமே, 1962-ல், டாக்டர் பிரேசல்டன் என்பவர் தம்மிடம் பத்து வருஷ காலத்தில் வந்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளைத் திரட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்திய தலைமுறையில் அந்த நாட்டுத் தாய்மார்களுக்குக் கிடைத்த உபதேசமே வேறு. 1920, 1930-களில் வந்த புத்தகங்கள், கைக்குழந்தையைக் கடிகாரத்தைப் பார்த்து உட்காரவைக்கச் சொல்லின. பட்டாளத்துக் கவாத்து மாதிரிதான். பிரேசல்டன் இதைத் திருப்பிப்போட்டார். குழந்தைக்கு விருப்பமும் திறமையும் வருகிற வரையில் பொறுத்திருங்கள். மறுத்தால் நிறுத்திவிடுங்கள் என்றார். அவருடைய குழந்தைகள் சராசரியாக 28½ மாதத்தில் பகலில் நனைக்காமல் இருக்கப் பழகினார்கள். அந்தக் கணக்கில் ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. பையன்கள் முழுப் பழக்கத்துக்கு வரப் பெண் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டரை மாதம் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2002-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆராய்ச்சியிலும் அதே இரண்டரை மாத வித்தியாசந்தான்: பெண் குழந்தைகள் 32½ மாதம், பையன்கள் 35 மாதம்.

ஆகவே, "எதிர்வீட்டுப் பெண் குழந்தை எவ்வளவு சமர்த்து, பார்!" என்று உங்கள் பையனிடம் சொல்லாதீர்கள். அவன் சமர்த்தில் குறைந்தவன் அல்ல.

நடுவில் 1974-ல் அஸ்ரின், ஃபாக்ஸ் என்று இரண்டு பேர், ஒரு நாளுக்குள் பழக்கிவிடலாம் என்று புத்தகம் போட்டார்கள். குழந்தைக்கு நிறையப் பானங்கள் கொடுப்பது, தண்ணீர் விட்டால் நனைக்கும் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு நடத்திக் காட்டுவது, சரியாகச் செய்தால் கொண்டாடுவது, இப்படி. அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் எனக்கு வினையாக முடிந்தது.

*

எங்கள் பையனுக்கு அப்போது இரண்டு வருஷம் ஒன்பது மாதம். ஒரு மழலையர் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டின பிறகு ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில், 'குழந்தைகள் டயபர் இல்லாமல் வர வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. ஜூன் மாதத்துக்கு ஆறு வாரம் பாக்கி.

"என்னங்க, அவன் இன்னும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே" என்றாள் என் மனைவி.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். ஆபீஸுக்கு லீவு போட்டேன். ரிஃப்ரிஜிரேட்டர் கதவில் கால அட்டவணை ஒட்டினேன். அரை மணிக்கு ஒரு தரம் வாத்தின் மேல் உட்காரவைத்தேன். வெற்றிக்கு ஒரு நட்சத்திரம். மூன்று நாளில் ஏழு நட்சத்திரம் சேர்ந்தது. வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நாலாவது நாள் உறவினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கூடத்து நடுவில், புதுப் பாயின் மேல் அந்தச் சம்பவம் நடந்தது. வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு பெரிய பையனுக்கு வெட்கமாயில்லை? சீ! சீ!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் அழவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் அவன் ஆய் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாத்தைக் கண்டால் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். வயிறு வலிக்கும்போது கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, தொடைகளை இறுக்கிக்கொண்டு, நுனிக்காலில் நின்றான். முக்குகிறான் என்று நாங்கள் எண்ணினோம். அவன் உண்மையில் அடக்கிக்கொண்டிருந்தான். ஆறு நாள் அடக்கினான். ஏழாம் நாள் ஜட்டியில் கொஞ்சம் தண்ணீராகக் கசிந்திருந்தது. பேதியாகிறது என்று எண்ணி அரிசிக்கஞ்சி கொடுத்தோம். அன்று இரவு வலி தாங்காமல் அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் அம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நடந்ததையெல்லாம் கேட்டார். பிறகு சாவதானமாக விளக்கினார். மலத்தை அடக்க அடக்க, பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அது கெட்டிப்பட்டுப் பருத்துவிடுகிறது. வெளியே வரும்போது ஆசனவாயில் கிழித்து வலிக்கிறது. வலித்தால் குழந்தை இன்னும் பயந்து இன்னும் அடக்குகிறது. அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசிவதைத்தான் பெற்றோர் பேதி என்று நினைத்துவிடுகிறார்கள். நாளடைவில் குடல் விரிந்து, வருகிற உணர்ச்சியே மங்கிவிடும். "அப்புறம் ஏழு வயதுப் பையன் ஜட்டியில் அசிங்கம் செய்துவிட்டான் என்று அடிப்பார்கள். அவனுக்கு வருவதே தெரிந்திருக்காது" என்றார்.

"எங்கள் பக்கத்தில் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வேண்டாம். ஏற்கெனவே அந்த இடத்தைப் பற்றித்தான் அவனுக்குப் பயம். அங்கே எதையும் வைக்காதீர்கள்" என்றார். மலத்தை இளக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார். அதை ஒரு நாளில் பலித்துவிட்டது என்று நிறுத்தாமல், அவர் சொல்லும் வரையில் சில மாதம் கொடுக்க வேண்டும். பாலை அளவோடு நிறுத்தி, தண்ணீர், பழம், கீரை, பருப்பு. அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டும். வாத்தைப் பரண்மேல் போட வேண்டும். டயபரைத் திரும்பவும் கட்ட வேண்டும்.

"அப்படியானால் பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

பள்ளிக்கூடம் ஓடவில்லைதான். இடம் போய்விட்டது. அந்த வருஷம் அவன் வீட்டிலேயே இருந்தான்.

இப்போது யோசித்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது. கைக்குழந்தையிலிருந்தே ஓர் ஆள் கூடவே இருந்து பழக்குவது ஒரு வழி. அது பாட்டியின் வழி. இரண்டு வயது கடந்து, குழந்தைக்கே புரியும்வரை பொறுத்திருப்பது மற்றொரு வழி. அது பிரேசல்டன் வழி. இரண்டும் யோக்கியமான வழிகள். இரண்டே முக்கால் வருஷம் இரவும் பகலும் டயபரைக் கட்டிவைத்துவிட்டு, நனைந்தால் நனைந்தது என்றே தெரியாமல் வளர்த்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் காலையில், "ஆறு வாரத்துக்குள் முடித்துக்காட்டு" என்று கேட்கிறோமே, அதற்குத்தான் எந்த ஊர் சாஸ்திரத்திலும் இடமில்லை. அமெரிக்காவில் 2003-ல் வந்த ஓர் ஆராய்ச்சி, 27 மாதத்துக்கு முன்பு தீவிரமாக ஆரம்பிப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு லாபமில்லை என்கிறது. என் பையனுக்கு அந்த வயது தாண்டியிருந்தது. ஆனாலும் வயது மட்டும் போதவில்லை.

உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தையின் மூத்திரப்பை எவ்வளவு கொள்ளும் என்று டாக்டர்கள் சுலபமாகக் கணக்கிடுவார்கள்: வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் இத்தனை மில்லி. இரண்டு வயதுப் பையனுக்கு 120. காப்பி டம்ளரில் முக்கால் பாகம் இருக்குமா? அது நிரம்பிவிட்டது என்ற சேதி மூளைக்குப் போய், "கொஞ்சம் பொறு" என்ற உத்தரவு கீழே வருவதற்கு நரம்புகள் முதிர வேண்டும். அதற்கு முன்னால் அவன் "வந்துடுச்சு" என்று சொல்வது பொய்யோ பிடிவாதமோ அல்ல. உள்ளபடியே அவனுக்குச் சேதியும் காரியமும் ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன.

முதிர்ந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. இரண்டு மணி நேரம் டயபர் உலர்ந்தே இருக்கும். நனைந்தால் இழுத்து எறிவான். நிஜாரைத் தானே கழற்றப் பார்ப்பான். சோபாவுக்குப் பின்னால் போய் நிற்கிறானே, அதுகூட நல்ல சகுனந்தான். வரப்போவது தெரிகிறது, தனியிடம் வேண்டும் என்று தோன்றுகிறது. பாதி தூரம் வந்துவிட்டவனைத்தான் நாம் பிடித்து அதட்டுகிறோம்.

*

ஆடி மாதம் அம்மா வந்தாள். காலை நீட்டி உட்காரவைக்கும் வயதைப் பேரனும் தாண்டிவிட்டான். அம்மாவின் முழங்காலும் தாண்டிவிட்டது. அவள் செய்தது இவ்வளவுதான். காலைப் பலகாரம் ஆனதும் அவனைக் கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போவாள். வயிற்றில் ஆகாரம் விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும் என்பதால் அந்த வேளைதான் உத்தமம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மேல்நாட்டுத் தினுசு ஆசனத்தின் மேல் சின்ன வளையம் ஒன்று போட்டு, காலுக்குக் கீழே ஒரு முக்காலி வைத்தோம். கால் தொங்கிக்கொண்டிருந்தால் முக்க முடியாது. பள்ளத்தில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. அம்மா வாசலில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கதை சொல்வாள். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, "எழுந்து வாடா கண்ணா" என்பாள். வந்ததா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் கேட்க வாயெடுத்தால் முறைத்துப் பார்த்தாள்.

பதினோராம் நாள் கதை நடுவில் வந்தது. அவனே எட்டிப் பார்த்து, "பாட்டி! வலிக்கலே!" என்றான். அதற்குப் பின் தவறியதே இல்லையா என்றால், எத்தனையோ தடவை. தவறினால் துடைத்தோம், பேசவில்லை.

ஆண் குழந்தைகளுக்கென்று டாக்டர் அம்மாள் சொன்ன சில விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். முதலில் இரண்டுக்கும் உட்காரவே பழக்குங்கள். இரண்டும் சேர்ந்தாற்போல் வருகிற வயது. நின்றுகொண்டு போவது பிறகு, அப்பாவையும் அண்ணனையும் பார்த்துத் தானாக வரும். அப்போது தரை நாசமாகும், அதற்குத் தயாராக இருங்கள். உட்காரும்போது குறியைக் கீழே தாழ்த்திக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ச்சுவருக்கு அபிஷேகம். நிற்க ஆரம்பித்த பையனுக்குக் கழிப்பறை மூடி ஓர் அபாயம். பாதி தூக்கி நிறுத்திய கனமான மூடி சட்டென்று விழுந்து, சரியாக அந்த உயரத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குக் காயம் பட்டிருக்கிறது. ஜிப் வைத்த நிஜார் வேண்டாம். ரப்பர் நாடா வைத்ததே போதும். குளிப்பாட்டும்போது முன்தோலைப் பலவந்தமாகப் பின்னால் தள்ளக் கூடாது. சின்ன வயதில் அது ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை. நாளாக நாளாகத் தானே விடும். மூத்திரம் போகும்போது வலித்தாலோ, தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, வாரக்கணக்கில் நன்றாக இருந்தவன் திடீரென்று நனைக்க ஆரம்பித்து அடிக்கடி தண்ணீர் கேட்டாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். தம்பியோ தங்கையோ பிறந்த சமயத்தில் மறுபடியும் நனைத்தால் டாக்டர் வேண்டாம். மடியில் கொஞ்சம் இடம் வேண்டும்.

பகல் இப்படிச் சீர்ப்பட்ட பிறகும் இரவு பாக்கி இருந்தது. நாலு வயது நிரம்பியும் வாரத்தில் மூன்று நாள் படுக்கை நனைந்துகொண்டிருந்தது. இரவு வேறு இலாகா. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஹார்மோன் சரியாகச் சுரக்க வேண்டும். பை நிரம்பினால் விழிப்பு வர வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இன்னும் இரவில் நனைப்பவர்களே. அதில் பையன்கள் அதிகம். அதட்டலாலும் நட்சத்திரத்தாலும் தூங்குகிறவனைப் பழக்க முடியுமா? இதையெல்லாம் படித்து வைத்திருந்தும், ஒரு நாள் காலையில் மூன்றாவது தடவையாக மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகும்போது, "இவன் யாரைக் கொண்டுதான் இப்படிப் பிறந்தானோ!" என்று சலித்துக்கொண்டேன்.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "வேற யாரை? உன் ஜமக்காளத்தை நான் ஏழு வயசு வரைக்கும் வெயிலில் போட்டு எடுத்திருக்கேன். உங்கப்பாவுக்கும் அப்படித்தானாம், அவர் அம்மா சொல்லியிருக்கா" என்றாள்.

அதுவும் ஆராய்ச்சியில் உண்டு. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு அந்தச் சரித்திரம் இருந்தால் குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு வரும். இருவருக்கும் இருந்தால் எழுபத்தேழு. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையன் மட்டும், "யாரு? அப்பாவா?" என்று இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டான்.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் அவன் தன் படுக்கையைப் பார்க்கவில்லை. நேரே வந்து என் படுக்கையைத் தடவிப் பார்த்தான். பிறகு சமையலறைக்கு ஓடிப்போய், "பாட்டி! அப்பா இன்னிக்கு நனைக்கலே!" என்று அறிவித்தான்.